மூன்று நாற்காலி விமானம்

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளில் மூன்றை இழுத்து வந்து ஹாலில் ஒட்ட ஒட்டப் போட்டேன். ஜன்னலோரம் இவர், நடுவில் நான், அந்தப் பக்கம் கீழ்வீட்டுக்காரர். முன்வரிசை என்று ஒன்று வேண்டுமே, அதற்காகத் துணி காயப்போடும் ஸ்டாண்டை மடித்து முழங்காலில் இடிக்கிற மாதிரி நிறுத்தினேன். விமானத்தில் கால் நீட்ட இடமிருக்காது என்று மகள் சொல்லியிருந்தாள். இவர் குளித்து, தலை வாரி, சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு, வேலைக்குப் போடுகிற அகலமான பாதுகாப்பு பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதன் கொக்கியை நாற்காலியின் முதுகுக் கட்டையில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"பெல்ட்டெல்லாம் அவங்களே குடுப்பாங்க" என்றேன்.

"குடுக்கட்டும். இது என் திருப்திக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மனுஷன் எழுந்து போய்விடுவார் என்று வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் ஊருக்கும் மகள் இருக்கும் ஊருக்கும் நடுவில் இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் கடல். முன்பு ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் மூன்று மணி பத்து நிமிடம். இந்தக் கணக்கை மகள்தான் போனில் எங்கோ பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே வளைவாக ஒரு கோடு, கோட்டின் மேல் குட்டியாக ஒரு விமானம். இவர் அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒரு வருஷம் பூரா ஏறி இறங்கினா இவ்வளவு தூரம் வரும்" என்றார்.

இவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. முப்பது வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. பதினாலு மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிறவர். உயரமெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விமானம் என்றால் மட்டும் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். எதனால் என்று கேட்டால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு காரணம். மேலே கயிறு கிடையாது என்பார். காது வலிக்கும் என்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாயைப் பிடுங்கியதில் உண்மை வெளியே வந்தது.

"உயரமெல்லாம் இல்ல. அங்க நான் ஆளு. என் கையில சாவி இருக்கு, எந்தக் கதவையும் திறப்பேன். இங்க நான் சரக்கு. கதவைச் சாத்திட்டா அவ்வளவுதான்."

"உங்க லிஃப்டுல ஏறுறவங்களும் சரக்குதானே? அவங்க ஏறலையா?"

"அவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்கிற வேலை. ஒரு முகத்தைப் பார்த்தால் அது சும்மா சொல்கிறதா, நிஜமாகவே வலிக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். அன்று இவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் நோண்டவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வேலைக்குப் போனபோது, மூன்று பேரும் சேர்ந்து போய் அவளைக் குடிவைத்துவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. ஏறி உட்கார்ந்தோம். கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் இவர் விருட்டென்று எழுந்தார். "நான் இறங்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தனியாக விட்டால் எங்காவது விழுந்துவைப்பார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். மகள் மட்டும், இரண்டு பக்கமும் காலி சீட்டோடு, எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். அந்தப் பிள்ளை அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் இவருக்கு ஆறிப்போயிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அவளே வந்து போனாள். அவள் குடியிருக்கும் வீட்டை நாங்கள் போனில் பார்த்ததோடு சரி.

இப்போது அவளுக்குக் கல்யாணம். பையன் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்து, பதிவு அலுவலகத்தில் எளிமையாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு சாட்சி வேண்டும். எங்களிடம் அதைச் சொல்வதற்காக வீடியோவில் வந்தாள்.

"சாட்சிக் கையெழுத்து அப்பா போட்டா நல்லாருக்கும்னு ஆசை. முடியலன்னா பரவால்லப்பா. மாப்பிள்ளையோட சித்தப்பா இருக்காரு, அவர் போட்டுடுவாரு. நீங்க கஷ்டப்படுத்திக்காதீங்க."

இவர் தலையை ஆட்டினார். "ஆகட்டும் கண்ணு" என்றார். போனை வைத்தபிறகு சமையலறைக்கு வந்து, ஏற்கெனவே நன்றாகத்தான் மூடிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிப் போட்டு வாஷரை மாற்ற ஆரம்பித்தார். மனசு சரியில்லை என்றால் எதையாவது கழற்றுவது இவர் வழக்கம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"பரவால்லன்னு சொல்லிட்டா பாத்தியா" என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"நல்ல மனசோடதானே சொன்னா."

"அதான். திட்டியிருந்தா போகாம இருந்திருப்பேன்." ஸ்பேனரைத் தூக்கி மேடைமேல் வைத்தார். "எம்பொண்ணுக்கு எவனோ ஒரு சித்தப்பன் சாட்சி போடுவானா?"

அந்தச் சித்தப்பா யார், எப்படிப்பட்டவர் என்று ஒன்றும் தெரியாது. பாவம், நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் அவரைவிடப் பெரிய எதிரி கிடையாது. அந்தச் சூட்டோடு சூடாக நான் டிக்கெட்டைப் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை விமானம். அதைவிட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து. டிக்கெட் போட்டாயிற்று, இவரை மூன்று மணி பத்து நிமிடம் ஒரே இடத்தில் கட்டிப்போடுவது எப்படி என்று யோசித்தபோது வந்ததுதான் இந்த ஒத்திகை. பள்ளிக்கூட நாடகத்துக்கே பத்து நாள் ஒத்திகை பார்க்கிறார்கள், நாமும் பார்த்தால் என்ன?

கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டது என் யோசனை. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அவருக்கே அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். விமானத்தில் பக்கத்து சீட்டில் யாராவது வாய் ஓயாமல் பேசினால் எப்படிச் சமாளிப்பது என்று இவருக்குப் பழக்கம் வேண்டுமே. கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கையில் ஒரு சூட்கேஸோடு வந்து நின்றார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"பயணம்னா பெட்டி வேணாமா? என்ன பேசறீங்க!"

முதல் ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்கூட ஓடவில்லை. இவர் போன் அடித்தது. எங்கோ ஒரு துணிக்கடை லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். கொக்கியைக் கழற்றிக்கொண்டு, அதே பெல்ட்டோடு படியிறங்கி ஓடினார். அது நியாயம், அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த வாரம் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, வேறு ஆளை டியூட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நாற்பது நிமிடம் ஆனபோது எங்கள் கட்டட லிஃப்ட் கிறீச் என்று நின்றது. இவர் காது விடைத்தது. "மூணாவது மாடிக் கதவு உரசுது" என்றார். "உரசட்டும்" என்றேன். இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் எண்ணெய்க் குப்பியோடு போயே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் துணி ஸ்டாண்டை எட்டி உதைத்தேன்.

"விமானத்துக்குள்ள லிஃப்ட் இருக்காதும்மா, கவலைப்படாதீங்க" என்று ரேடியோ எனக்கு ஆறுதல் சொன்னார்.

மூன்றாவது வாரம் நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தி, இன்ஜின் சத்தத்துக்கு வேக்யூம் கிளீனரைப் போட்டுப் பக்கத்து அறையில் ஓடவிட்டு, வெளிச் சத்தம் எதுவும் காதில் விழாதபடி செய்துவிட்டேன். இவர் உட்கார்ந்தார். ரேடியோ தன் ஆபீஸில் ஒரு மேனேஜர் நாற்காலியோடு கவிழ்ந்த கதையை ஆரம்பித்தார். நான் இவர்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தேன், ட்ரேயில் வைத்துச் சாப்பாடு கொடுத்தேன். நடுவில் வாஷிங் மெஷின் கூப்பிட்டது, போய் நிறுத்தினேன். வாசலில் மணி அடித்தது, போய்ப் பார்த்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அப்புறம் வேக்யூம் கிளீனர் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் இவர் அதே இடத்தில், தொடைமேல் இரண்டு கையையும் வைத்து, பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தார். நெற்றியில் வேர்வை இருந்தது. ஆனால் எழவில்லை. மேனேஜர் கதை முடிந்து, அவர் மச்சினர் கதை முடிந்து, கடைசியில் ரேடியோவே களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். மூன்று மணி பத்து நிமிடம் ஆனதும் நான் கை தட்டினேன்.

"வந்துட்டோமா?" என்றார் இவர்.

"வந்துட்டோம். இறங்குங்க."

கொக்கியைக் கழற்றினார். மெதுவாக எழுந்து, கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டே வந்து, நடு ஹாலில் நின்று, என் கன்னத்தைக் கிள்ளினார். இத்தனை வயசுக்கு மேல், கீழ்வீட்டு மனுஷன் தூங்குகிற இடத்தில்! நான் கையைத் தட்டிவிட்டேன். ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா பாஸ்" என்றேன்.

கிளம்புகிற நாள் வந்தது. விமான நிலையத்தில் இவர் கூரையின் இரும்புச் சட்டங்களைப் பார்த்தார், நகரும் படிக்கட்டின் ஓரத்தில் குனிந்து அதன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்றார், பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் போடச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். சாதாரண தோல் பெல்ட்தான் அது. ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலோரம் இவர், நடுவில் நான். அந்தப் பக்கத்து சீட் காலி. ரேடியோ இல்லாதது ஒரு குறையாகத்தான் இருந்தது. நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு உலர்ந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா, எழப் பார்க்கிறாரா. கதவைச் சாத்தினார்கள். இவர் கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தார். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் விமானம் நகரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. உள்ளே குளிர்காற்று குறைந்து புழுக்கம் ஏறியது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. எங்கள் ஒத்திகையில் இது கிடையாது. அந்தப் படத்தில் போட்டிருந்தது பறக்கிற நேரம். நிற்கிற நேரம் யாருக்குத் தெரியும்? கையைக் கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காலை ஆட்டினேன். பையைத் திறந்து மூடினேன். எழுந்து யாருக்காவது தண்ணீர் கொடுக்கலாம் போலிருந்தது. அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழுசாக உட்காரவே இல்லை. கால் மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்க மாட்டேன். வீட்டில் மட்டுமா? கடையில் நின்றுகொண்டே வேலை, வீட்டில் நடந்துகொண்டே வேலை. சும்மா ஒரு இடத்தில் பூட்டிவைத்து உட்கார் என்று இந்த ஜென்மத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. மூச்சை இழுத்தேன், பாதியில் நின்றது.

சின்னப் பழுது ஒன்று, சரிபார்க்கிறோம், கதவைத் திறக்கப்போகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முன்பக்கம் கதவு திறந்தது. வெளி வெளிச்சம் நீளமாக உள்ளே விழுந்தது. என் கை தானாகப் போய் பெல்ட்டைக் கழற்றியது. எழுந்து நின்றேன். தலை மேலே பெட்டி வைக்கிற பலகையில் இடித்தது.

"என்னாச்சு?" என்றார் இவர்.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க. நான் இறங்கணும். என்னால முடியல."

சொல்லும்போதே மகள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் இறங்கினால் இவரும் இறங்குவார். அடுத்த விமானத்துக்கு மூன்று நாள். நாளைக்கு அந்த அலுவலகத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். எல்லாம் தெரிந்தும் கால் கேட்கவில்லை. காலி சீட்டின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டார். என்னை மெல்ல உட்காரவைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி என் பக்கமாகத் திரும்பி, கையைக் குவித்து என் காதருகே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அம்மா, லிஃப்ட் மெக்கானிக் பேசறேன். நான் வந்துட்டேன். சத்தம் கேக்குதுங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் குரல் மாதிரியே இல்லை. நிதானமாக, அகலமாக, அவசரமே இல்லாத ஒரு குரல்.

"கேக்குது" என்றேன்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

திக்கித் திணறி, "ரெண்டு பேரு" என்றேன்.

"யாருக்கும் அடி கிடி படலையே?"

"இல்ல."

"லைட் எரியுதா?"

"எரியுது."

"காத்து வருதா பாருங்க. தலைக்கு மேல சின்னதா ஓட்டை இருக்கும். கையை வச்சுப் பாருங்க."

கையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. "வருதுங்க" என்றேன். என் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அது போதும். அது இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. கதவை நீங்களா திறக்கப் பாக்காதீங்க. சுவரோட சாஞ்சு உக்காருங்க. பெட்டி பலமானது, எங்கயும் போயிடாது. நான் இங்கதான், கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். நீங்க வெளிய வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

முப்பது வருஷமாக, யார் யாருக்கோ, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம், ஒரு கதவு இடுக்கு வழியாக இந்த மனுஷன் இப்படித்தான் பேசியிருக்கிறார். என்னிடம் குழம்பில் உப்பு போதுமா போதாதா என்பதைத் தாண்டி என்ன பேசியிருக்கிறார்? கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. சுவர் இல்லை, சீட்டில் சாய்ந்துகொண்டேன். இவர் என் பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டார். பழுது சரியாகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், முன்னால் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. இவர் தோள் ஒருமுறை குலுங்கியது. குரல் மட்டும் குலுங்கவில்லை.

"இப்ப லேசா ஒரு ஆட்டம் இருக்கும். அது சகஜம். பயப்படாதீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தெரியாது." குரலைத் தாழ்த்தினார், இப்போது அது எங்கள் வீட்டுக் குரல். "நீ கேள்வி கேக்காத. பதில் மட்டும் சொல்லு. நீ பேசிக்கிட்டே இருந்தாதான் நானும் உக்காருவேன்."

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை சொதசொதவென்று நனைந்திருந்தது. விமானம் நகர்ந்தது, திரும்பியது, ஓட ஆரம்பித்தது. சீட்டெல்லாம் கடகடத்தன. இவர் தோளுக்கு மேலே, ஜன்னலில், ஓடுபாதையின் ஓரத்துப் புல் கோடு கோடாக ஓடியது. பிறகு கட்டடங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. எத்தனையோ மொட்டைமாடிகள், அவற்றின்மேல் எத்தனையோ லிஃப்ட் அறைகள், தீப்பெட்டி தீப்பெட்டியாக. இவர் எதையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குவித்த கையை என் காதிலிருந்து எடுக்காமல் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார்.

"அம்மா, சத்தம் கேக்குதுங்களா? உள்ள எத்தனை பேர்?"

இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று நான் உரக்கச் சொன்னேன்.

"ரெண்டு பேருங்க! ரெண்டு பேரும் இருக்கோம்!"